பான் நாஹிமுத்து

பையில இருக்கறது கயிறுதானுங்க. பயப்படாதீங்க. சிங்காநல்லூர்ல ஏறுனதுல இருந்து நீங்க பையையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க. அறுபத்தேழு வயசுக் கிழவன், ஒரு வாரத் தாடி, மஞ்சப்பைக்குள்ள நீலக் கயிறு. யாருக்கா இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். நான் அதுக்குக் கொண்டு போகலை. அப்படிச் சாகறவனா இருந்தா எப்பவோ செத்திருப்பேன்.

ஏர்போர்ட்டுலயும் இதே கதைதான். வார்சாங்கற ஊர்ல ஒரு பொண்ணு கயித்தை வெளிய எடுத்து மேசை மேல போட்டு, "வாட் இஸ் திஸ்?"னா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல "கௌ"ன்னேன். "வேர் இஸ் தி கௌ?"ன்னு சிரிச்சா. பக்கத்துல இருந்தவனும் சிரிச்சான். அவளே திருப்பிப் பையில வச்சுக் குடுத்துட்டா. நல்ல பொண்ணுதான்.

நீங்க கரூர் வரைக்குமா? நான் காங்கேயம். அதுக்குள்ள முடிச்சுருவேன். போனைக் கொஞ்சம் உள்ள வைங்க. ஒருத்தர்கிட்டச் சொல்லிப் பாக்கணும். வீட்டுல ஒருத்தி வாசல்லயே உக்காந்திருப்பா, அவகிட்டச் சொல்லணும். முன்னாடியே ஒருதடவை சொல்லிப் பாத்துட்டா எந்த எடத்துல நாக்கு கொழறுதுன்னு தெரிஞ்சுரும் பாருங்க, அதுக்குத்தான்.

எம் பேரு நாச்சிமுத்து. மாட்டுத் தரகன். அப்பன் வழியில எனக்கு வந்த சொத்து ஒரு துண்டு, அதுவும் கிழிஞ்சது. பன்னண்டு வயசுல சந்தையில அடுத்தவன் மாட்டுக்குத் தண்ணி காட்டுனவன், முப்பது வயசுல நான் கை வச்சாத்தான் பேரம் முடியும்னு ஆச்சு. துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு வெலை பேசறதைப் பாத்திருப்பீங்க. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு. வாயில ஒரு வார்த்தை வராது. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது. அந்தத் துண்டுக்குள்ள நான் தோத்தது கெடையாதுங்க. எதிராளி கை வேர்க்கறதை வச்சே அவன் வீட்டுல கல்யாணமா கருமாதியான்னு சொல்லிப் போடுவேன்.

எனக்கு ஒரே பையன். லோகநாதன். நா. லோகநாதன். லோகுன்னுதான் கூப்பிடுவோம்.

அந்தியூர் சந்தையில ஒரு சிந்து மாடு, அஞ்சு கன்னு போட்டது. அஞ்சாம் ஈத்து. நான் மூணாம் ஈத்துன்னு சொன்னேன். தரகன் அப்படித்தான் சொல்லுவான். வாங்கறவன் பல்லைப் பிடிச்சுப் பாத்துக்கணும், அதுக்குத்தான் ஆண்டவன் மாட்டுக்குப் பல்லு வச்சிருக்கான். பேரம் முடிஞ்சு கை அடிக்கப் போற நேரம். லோகு குறுக்கால வந்து, "அண்ணா, அது அஞ்சாம் ஈத்து. எங்கப்பா பொய் சொல்றாரு"ன்னான்.

கேட்டீங்களா? எங்கப்பா பொய் சொல்றாரு. சந்தை நடுவுல.

எல்லாரும் சிரிச்சாங்க. அடிச்சுட்டேன். செருப்பால அடிச்சேன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க, நம்பாதீங்க. கையாலதான். செருப்பு அப்புறம்தான் கழட்டுனேன். "இன்னையில இருந்து எம் பேரை உம் பேருக்கு முன்னால போடாதடா. அந்த 'நா'வைக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டுப் போ"ன்னேன். கன்னத்தைக்கூடத் தடவலை. அந்த மாட்டு முதுகை ஒருதடவை தடவிட்டுப் போயிட்டான்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டுங்க. மாட்டை வித்தா மாட்டைத்தான் குடுப்போம், கயித்தைக் குடுக்க மாட்டோம். வாங்கறவன் புதுக்கயிறு கொண்டாந்து கட்டி ஓட்டிட்டுப் போகணும். பழைய கயிறு வித்தவன் வீட்டுக்கே திரும்பிரும். கயித்தோட குடுத்தா பட்டியே கையை விட்டுப் போயிரும்னு ஒரு பயம். அன்னைக்கு நான் பண்ணுனது அதுதான்னு வச்சுக்குங்க. போறவன் போகட்டும், கயித்தை அவுத்துக்கிட்டேன்.

அவன் போலந்துக்குப் போயிட்டான். ஆறு வருசம். அவங்கம்மாவுக்கு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன் பண்ணுவான். எனக்குப் பண்ணலை. போன் அடிச்சதும் நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன், அது வேற விசயம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டுத்தான் இருப்பேன், அதுவும் வேற விசயம். ஆனா "அப்பாகிட்டக் குடும்மா"ன்னு அவன் ஒருதடவை கேக்கலாமில்ல? கேட்டான்னு சரசு சொல்லுவா. சரசு என் சம்சாரம். பொம்பளைங்க சமாதானத்துக்கு நாலு சொல்லுவாங்க.

அங்கயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான். ஒரு பேத்தி பொறந்தா. போட்டோ வரும். சரசு போட்டோவை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டுப் போவா. நான் தட்டைத் தள்ளி வச்சுச் சாப்பிடுவேன்.

போன செப்டம்பர் மாசம் ஒரு காலையில போன் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை இல்லை. அதுலயே சரசுவுக்குத் தெரிஞ்சு போச்சு.

ஒரு மாட்டுக் கொட்டாய் தீப்பிடிச்சுருக்கு. அடுத்தவன் கொட்டாய். இவன் உள்ள போய் மாட்டை அவுத்து விட்டிருக்கான். அத்தனையும் வெளிய வந்துருச்சு. இவன் வரலை.

நான் விசா வாங்கறதுக்குள்ள ஏழு வாரம் ஓடிப்போச்சு. அவங்க அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. சரசு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "நீங்க எத்தனையோ பேரம் பேசி முடிச்சிருக்கீங்க. எம் பையனைக் கொண்டாந்துருங்க. நம்ம தோட்டத்துல வச்சுக்கலாம்." ஆறு வருசத்துல அவ எங்கிட்டக் கேட்ட மொதல் விசயம். சரின்னு கை அடிச்சுக் குடுத்துட்டுப் போனேனுங்க.

அந்த ஊரு எப்படின்னு கேக்கறீங்களா? நம்ம காங்கேயம் தாலுக்காவை எடுத்து, மேடு பள்ளம் இல்லாம மெழுகி, ஆளுங்களை முக்காவாசி வெரட்டிட்டு மாட்டை மட்டும் விட்டு வச்சா எப்படி இருக்கும்? அதுதான். வார்சாவுல இருந்து பஸ்ஸுல மூணரை மணி நேரம். மணல் தடம், வெள்ளைத் தோல் மரம், உருளைக்கெழங்குக் காடு, அப்புறம் புல்லு, புல்லு, புல்லு. கரண்டு கம்பத்து உச்சியில எல்லாம் நாரைக்கூடு, வண்டிச் சக்கரம் அத்தனை பெருசு. நான் போனப்ப எல்லாம் காலி. நாரை தெக்கால போயிருமாம், வசந்தத்துல அதே கூட்டுக்குத் திரும்ப வருமாம்.

நிர்வாகமும் நம்ம மாதிரிதான். ஊருக்கு ஒரு தலைவர், ஸோல்த்திஸ்னு பேரு, வீட்டு வேலியில தகரப் பலகை தொங்கும். பத்திருபது ஊருக்கு நம்ம யூனியன் மாதிரி ஒரு ஆபீஸ். அதுக்கு மேல தாலுக்கா மாதிரி, அதை போவியத்னு சொல்றாங்க. எல்லா ஊருக்கும் ஒரு தீயணைப்புக் கொட்டாய். ஆனா சம்பளத்துக்கு ஆள் இல்லை. சங்கு ஊதுனா தச்சன், பால்காரன், வாத்தியார் எல்லாம் போட்டது போட்டபடி ஓடி வந்து தொப்பியை மாட்டிட்டு வண்டியில ஏறுவாங்க. எம் பையனும் அதுல ஒருத்தன். பால் வண்டி ஓட்டிட்டு இருந்தான், ஊர் ஊராப் போய்ப் பால் எடுக்கற டேங்கர். போதாதுன்னு இதையும் இழுத்துப் போட்டுக்கிட்டான். அடுத்தவன் விசயத்துல மூக்கை நுழைக்கற குணம். சந்தையிலயே பாத்தேனே.

பஸ் ஸ்டாண்டுல மருமக நின்னுட்டு இருந்தா. யுஸ்தினா. கையில நாலு வயசுக் கொழந்தை, ஹானியா. பாத்த உடனே சண்டை போடணும்னு பிளேன்லயே நெனச்சு வச்சிருந்தேன். நான் வராம எப்படி மண்ணைப் போட்டீங்கன்னு கேக்கணும். அவ கிட்ட வந்தா. "வாங்க மாமா. சாப்டீங்ளா மாமா?"ன்னா.

நம்ம பேச்சுங்க. அந்தக் கடைசி 'ங்ளா' இருக்கே, அது கோயமுத்தூர்ல கூட இப்ப யாரும் சொல்றதில்லை. லோகு சொல்லிக் குடுத்திருக்கான். அவளுக்குத் தெரிஞ்சது முப்பது வார்த்தை, அதுல பாதி மாட்டை வெரட்டறது. நான் சண்டையை மறந்துட்டேன். மறக்கலை, அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டேன்.

அங்க ஒரு சட்டம். குளிர்காலத்துலதான் தோண்டி எடுக்கலாம். ஊர் ஆபீஸ்ல சாவுப் பத்திரம் வாங்கி, போவியத் சுகாதார ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். பொண்டாட்டி கையெழுத்து வேணும். அவ போடலைன்னா ஒண்ணும் நடக்காது. சரி, இந்தக் கையெழுத்துதான் நம்ம பேரம்னு துண்டை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டேன்.

மறுநாள் ஊர் ஆபீஸுக்குப் போனோம். சின்ன ஆபீஸ், ஜன்னல்ல பூந்தொட்டி, சுவத்தோரம் நாலு நாற்காலி. நாங்க மூணு பேரும் உக்காந்திருக்கோம். உள்ள இருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மா கதவைத் தொறந்து, கையில இருந்த காகிதத்தைப் பாத்து, "நாஹிமுத்து!"ன்னு கூப்பிட்டாங்க. 'ச்'சுக்கு இங்கிலீசுல சி-எச் போடறோமில்ல, அதை அவங்க 'ஹ்'ன்னுதான் படிப்பாங்களாம். நாஹிமுத்து. எம் பேருதான்னு நான் எந்திரிச்சேன்.

எந்திரிச்சுப் பாத்தா, இந்தப் பக்கம் யுஸ்தினா எந்திரிச்சு நிக்கறா. அந்தப் பக்கம் கொழந்தை நாற்காலியில இருந்து குதிச்சு எறங்கி நிக்கறா, கையைக்கூடத் தூக்கிட்டு.

ஒரு பேருங்க. கூப்பிட்டது ஒரு பேரு. மூணு பேரு எந்திரிச்சோம்.

எனக்கு வெளங்க கொஞ்ச நேரம் ஆச்சு. அவங்களுக்கு இன்ஷியல்னு ஒண்ணு கெடையாது. பேருக்குப் பின்னால குடும்பப் பேருதான். பாஸ்போர்ட்டுல அப்பன் பேரை அந்த எடத்துல போட்டுட்டாங்க. அப்ப இருந்து அவன் லோகநாதன் இல்லை, நாஹிமுத்து. பான் நாஹிமுத்து. பான்னா ஐயா மாதிரி. ஆறு வருசமா அந்தப் போவியத்துல இருக்கற நூத்துச் சொச்சம் ஊரும் அவனை எம் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கு. நான் எதைக் கழட்டி வச்சுட்டுப் போன்னு சொன்னனோ, அதைத்தான்.

சரி, பாஸ்போர்ட்டுல இருந்தா அவன் என்ன பண்ணுவான்னுதான் நெனச்சேன். அந்த அம்மா விடலை. போனை எடுத்து அவங்க பாசையில பேசுனாங்க. அதுக்குள்ள ஒரு பொம்பளை அதைத் தமிழ்ல சொல்லுவா, ரேடியோ செய்தி மாதிரி. "தங்கள் புதல்வரின் திருமணத்தை நான் பதிவு செய்தேன். கணவர் மனைவியின் குடும்பப் பெயரை ஏற்கலாம் என்று அறிவுறுத்தினேன். இந்தப் பெயர் கடினமானது. குழந்தை பள்ளியில் துன்புறும். அவர் மறுத்தார்."

ஏன் மறுத்தான்னு கேளுங்கன்னேன். மேசைக் கண்ணாடிக்குக் கீழ ஒரு காகிதத்தைக் காட்டுனாங்க. யாரும் எழுத்துப் பிழை விடக்கூடாதுன்னு இவன் எழுதிக் குடுத்திருக்கான், பெரிய எழுத்துல, அவங்க எழுத்துல. அதுக்குக் கீழ தமிழ்ல நாச்சிமுத்து. லோகு 'ச்' போட்டா புள்ளி வைக்க மாட்டான், சின்ன வட்டம் போடுவான். மூணாங்கிளாசுல வாத்தியார் அதுக்கு அடிச்சிருக்காரு. வட்டம் அப்படியே இருந்துச்சு.

பேரை மாத்தறதுக்கு நூறு காகிதம் எழுதணும், சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்லைங்க. எனக்குத் தெரியாதா அவனை?

கண்ணுல தண்ணியா? பல்லடம் தாண்டுனா இந்த ஜன்னல்ல தூசிங்க. நீங்க ஜன்னலை இழுத்துச் சாத்துங்க. கேக்கறீங்களே பாருங்க.

அன்னைக்கு மத்தியானம் சம்பந்தியோட பேச உக்காந்தேன். யுஸ்தினாவோட அப்பன். ரிஷார்டுன்னு பேரு. அந்த ஊர் ஸோல்த்திஸ் அவருதான். முப்பத்தஞ்சு மாடு. வலது கையில நாலு விரல், ஒண்ணு மெசின்ல போயிருச்சு. மாட்டுக் கொட்டாயில பால் கேன் மேல எதிரெதிரா உக்காந்தோம். நான் போன்ல சொன்னேன்: "பையனைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். உங்க பொண்ணைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

போன் அதைச் சொல்லுச்சு. அவரு ஒரு பாட்டம் பேசுனாரு. போன், "தங்கள் மகன் ஒரு நேர்மையான கால்நடை"ன்னுச்சு.

ரெண்டு பேரும் போனைப் பாத்தோம். என்னமோ தப்பா மாத்திருச்சுன்னு அவருக்கும் தெரிஞ்சு போச்சு. நான் சிரிச்சுட்டேன். சிரிக்கவா வந்தேன்? எனக்கே கோவம் வந்துருச்சு. போனைத் தூக்கிப் புல்லுல எறிஞ்சேன். அவரு அதை எடுக்கலை. எந்தோள்ல கெடந்த துண்டைக் காட்டுனாரு. கையை நீட்டுனாரு.

லோகு அதையும் சொல்லிக் குடுத்திருக்கான்.

துண்டுக்குள்ள கை போச்சு. நான் அவரு கை மொத்தத்தையும் பிடிச்சேன். எல்லாம் வேணும்னு அர்த்தம். அவரு என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடிச்சாரு. ஒண்ணு. நான் மறுபடியும் மொத்தத்தையும் பிடிச்சேன். அவரு மறுபடியும் ஒண்ணு. என்ன ஒண்ணு? எனக்கு வெளங்கலை. அவரு கை வேர்க்கலைங்க. நடுங்குச்சு. நாப்பது வருசத் தொழில்ல நடுங்கற கையை நான் எத்தனையோ வளைச்சிருக்கேன். நடுங்குதுன்னா இன்னொரு அழுத்து அழுத்துனா போதும்னு அர்த்தம். அழுத்த முடியலை.

அப்புறம் புல்லுல கெடந்த போனை எடுத்துத் தொடச்சு அவரே சொன்னாரு. "ஒரு நாள். நாளை நவம்பர் முதல் தேதி. ஒரு நாள் பொறுங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவள் கையெழுத்திடுவாள்."

ஒரு நாளா? ஒரு நாள்ல என்ன கொறைஞ்சு போகும்னு கையை அடிச்சேன். அவங்க சந்தையிலயும் பேரம் முடிஞ்சா கை அடிக்கறதுதானாம். நல்லா அடிச்சாரு, எரிஞ்சுச்சு.

அங்கதான் நான் ஏமாந்தது. ஒரு நாள் குடுத்திருக்கக் கூடாது.

நவம்பர் ஒண்ணுங்கறது அவங்களுக்குச் செத்தவங்க நாள். அந்தப் போவியத்தே அன்னைக்குச் சுடுகாட்டுலதான். போலீஸ் நின்னு வண்டியை ஒழுங்கு பண்ணுது, தனி பஸ் விடறாங்க, கூட்டம் தேர்க் கூட்டம் மாதிரி. ஆனா சத்தம் இல்லை. வெளியூருக்குப் பொழைக்கப் போனவன் எல்லாம் திரும்பி வந்துட்டான். எல்லார் கையிலயும் செவ்வந்திப் பூ, கண்ணாடிக் கூட்டுக்குள்ள மெழுகுவத்தி. நாலு மணிக்கெல்லாம் அங்க வெளிச்சம் போயிரும். குழி குழியா வெளக்கு. எனக்கு நம்ம கார்த்திகைதான் ஞாபகம் வந்துச்சு, ஆனா அது வீட்டுக்கு வைக்கறது.

ரிஷார்டு என்னைக் கூட்டிட்டு வரிசை வரிசையா நடந்தாரு. இங்க ஒரு பேரு, அதே பேரு எட்டுக் கல்லு. அந்தாண்ட இன்னொரு பேரு, அது பன்னண்டு கல்லு. அவரோட குடும்பப் பேரு போட்ட கல்லு ஒரு வரிசை முழுக்க. பாட்டன், பூட்டன், சண்டையில செத்தவன், பொறந்து ஒரு நாள்ல செத்த கொழந்தை. ஊருக்குள்ள எந்த வீட்டுப் பேரைச் சொன்னாலும் அதுக்கு இங்க கல்லு இருக்கு. ஒரு வாரமா இருக்கறவனும் இருநூறு வருசமா இருக்கறவனும் அங்க பிரிஞ்சு தெரியறான். அவரு வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லலை. நடத்திக் காட்டுனாரு, அவ்வளவுதான். நல்ல தரகன் அப்படித்தான் செய்வான். மாட்டைப் பத்திப் பேச மாட்டான், மாட்டை நடக்க விடுவான்.

கடைசி வரிசை ஓரத்துல எம் பையன்.

கல்லு இன்னும் வைக்கலை, மண்ணு அமுங்க ஒரு வருசம் ஆகணுமாம். மரப்பலகைதான். மேல பெருசா எம் பேரு. கீழ சின்னதா அவன் பேரு. எஞ்சமாதியை நானே பாத்தேனுங்க. தலைமாட்டுல தீயணைப்புக்காரங்க ஆறு பேரு தொப்பியைக் கக்கத்துல வச்சுட்டு நிக்கறாங்க. சுத்தி வெளக்கு, கால் வைக்க எடம் இல்லை. நான் எண்ணலை. எண்ணறதுதான் எந் தொழிலு, ஆனா எண்ணலை. வர்றவன் ஒவ்வொருத்தனும் ஒரு வெளக்கு வச்சுட்டு எங்கிட்ட வந்து கையைப் பிடிச்சு, "பான் நாஹிமுத்து"ங்கறான். என்னைச் சொல்றானா அவனைச் சொல்றானா தெரியலை. நான் எல்லாத்துக்கும் தலையை ஆட்டுனேன்.

ஒரு ஆளு வந்தான். என் வயசு. அவன் கொட்டாய்தான் எரிஞ்சது. என் முன்னால நின்னு அழறான். என்னமோ சொல்றான், யுஸ்தினா அவளுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னா: "மாமா, நாப்பத்தொண்ணு மாடு. எல்லாம் உசுரு. கடைசி மாடு கெழவி. இவரு வேண்டாம் விடு சொன்னாரு. லோகு கேக்கலை."

கெழ மாடுங்க. பாலு வத்துனது. சந்தைக்குக் கொண்டாந்தா நான் கையைக்கூட நீட்ட மாட்டேன். அதுக்காகத் திரும்ப உள்ள போயிருக்கான். அந்தியூர்ல அந்த அஞ்சாம் ஈத்து மாட்டைத் தடவிட்டுப் போனானே, அதே கை.

கொழந்தை என் வேட்டியைப் பிடிச்சு இழுத்தா. குளிருக்குப் பேண்டு போட்டு மேல வேட்டி கட்டியிருந்தேன், சிரிக்காதீங்க. ஒரு வெளக்கை எங்கையில குடுத்தா. அவளுக்கு எழுத்து ஒண்ணுதான் தெரியும், அவ குடும்பப் பேரோட மொத எழுத்து. பலகையில அந்த எழுத்தைத் தொட்டா. அப்புறம் அவ நெஞ்சைத் தொட்டா. அப்புறம் எங்காலைத் தொட்டா, அவளுக்கு எட்டுனது அதுதான். பலகை, அவ, நான். மறுபடியும் பலகை, அவ, நான். சரிதானேன்னு அண்ணாந்து பாக்கறா.

அவனைத் தோண்டி எடுத்துட்டு வந்துட்டா அந்தப் பலகையையும் பிடுங்கிருவாங்க. அப்புறம் அத்தனை பேருக்கு நடுவுல இந்தப் பேரை வச்சுட்டு இவ ஒருத்திதான் நிப்பா. பள்ளிக்கூடத்துல கேப்பாங்க, இது எந்த ஊர்ப் பேருன்னு. காட்டறதுக்கு ஒரு குழிகூட இருக்காது. அடுத்த வருசம் இதே நாள்ல ஊரே வெளக்கு வைக்கப் போகும். இவ எங்க போவா?

வெளக்கை வச்சேன். காத்துல ரெண்டு தடவை அணைஞ்சு போச்சு. மூணாந்தடவை அவ கையை மறைப்பு வச்சா.

மறுநாள் ரிஷார்டு முன்னால போய்த் துண்டை விரிச்சேன். கையை விட்டாரு. அந்த நாலு விரலையும் சேத்துப் பிடிச்சேன். வெறுமனே பிடிச்சுட்டு இருந்தேன். எங்க கணக்குல அப்படி ஒரு பிடி கெடையாது. மாடெல்லாம் எங்களையே பாத்துட்டு நின்னுச்சு. அப்புறம் கையை எடுத்து அடிச்சேன், முடிஞ்சதுன்னு. அவரு அடிக்கலை. நீட்டுன கையைப் பிடிச்சுட்டு அழுதாரு. பேரத்துல ஜெயிச்சவன் அழுது நான் பாத்ததில்லீங்க.

கெளம்பற அன்னைக்குக் கொட்டாய்ச் சுவத்துல ஆணியைக் காட்டுனாரு. பழைய கயிறா ஒரு கொத்து தொங்குது. லோகு சொன்னதுல இருந்து அவரும் மாட்டை வித்தா கயித்தைக் குடுக்கறதில்லையாம். "ஸோல்த்திஸுக்குப் பைத்தியம்"னு போவியத் பூரா சிரிச்சாங்களாம். அந்தக் கொத்துல இருந்து நீலக் கயித்தை மட்டும் எடுத்தாரு. வைக்கோல்கட்டு கட்டற நூலை முறுக்கி லோகு கையால திரிச்ச தும்பு, கழுத்துக்குக் கட்டறது. எந்த மாட்டுக்கும் கட்டாதது. முடிச்சைப் பாருங்க. நான் அவனுக்கு ஆறு வயசுல சொல்லிக் குடுத்த முடிச்சு. எத்தனை இழுத்தாலும் எறுகாது, ஒரு சுண்டு சுண்டுனா அவுந்துரும்.

கயித்தை எங்கையில வச்சுட்டு போன்ல ஒரு வார்த்தை பேசுனாரு. அந்தப் பொம்பளை தெளிவாச் சொல்லுச்சு, இந்தத் தடவை தப்பே இல்லை.

"மாடு இங்கே. கயிறு உங்களுடையது."

அவினாசிபாளையம் தாண்டிருச்சா? இன்னும் கொஞ்ச தூரந்தான்.

சரசுகிட்ட என்ன சொல்றது? பர்மிசன் குடுக்கலைன்னு சொல்லிரலாம். ஆபீசர் மோசம், சட்டம் கடுசு. அவ நம்புவா, நான் சொன்னா யாரும் நம்புவாங்க, அதுதானே எம் பொழப்பு. பிளேன்ல வர்றப்ப முழுக்க அதைத்தான் யோசிச்சுட்டு வந்தேன். ஆனா இப்ப உங்ககிட்டச் சொல்லிப் பாத்ததுல ஒரு எடம்கூட நாக்கு கொழறலை பாருங்க. நான்தான் விட்டுட்டு வந்தேன்னே சொல்லிர்றேன். அஞ்சாம் ஈத்தை அஞ்சாம் ஈத்துன்னே சொல்லிர்றேன். அடிச்சா அடிச்சுக்கட்டும்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இங்க யாரு நாச்சிமுத்துன்னு கூப்பிட்டாலும் அது நான் ஒருத்தன்தான். அங்க கூப்பிட்டா நாங்க மூணு பேரு. அவனையும் சேத்தா நாலு. காங்கேயம் வந்துருச்சு, கண்டக்டர் விசில் அடிக்கப் போறாரு. அவங்க கூப்பிடற மாதிரி ஒரே ஒரு தடவை சத்தமாக் கூப்பிடறீங்களா? நாஹிமுத்துன்னு. 'ஹி'யை அழுத்தணும்.

கூப்பிடுங்க. எந்திரிச்சுக்கறேன்.